நான்கு நாளும் பன்னிரண்டு ஆண்டும்: தாமத மன்னிப்பின் சட்ட வரலாறு

மாவட்ட முன்சீப் கோர்ட்டில் தோற்றவர் சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தால் 90 நாள். தீர்ப்புச் சொன்ன நீதிமன்றத்திடமே மறுஆய்வு கேட்க 30 நாள். 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் அட்டவணை இப்படிப் போகிறது. தீர்ப்பு வந்த நாளையும் நகல் வாங்கப் பிடித்த நாள்களையும் பிரிவு 12 கழித்துத் தருகிறது. கடைசி நாளில் கோர்ட் மூடியிருந்தால் திறக்கும் நாளில் தாக்கல் செய்துகொள்ளலாம் என்கிறது பிரிவு 4. இவ்வளவு சலுகைக்குப் பிறகும் பிந்தி வந்தால் பிரிவு 3 வழிமறிக்கும். எதிர்த்தரப்பு வாயே திறக்காவிட்டாலும் நீதிமன்றம் தானாகவே அதைத் தள்ளுபடி செய்தாக வேண்டும். அங்கிருந்து தப்ப இருக்கும் ஒரே வழி பிரிவு 5. உரிய காலத்தில் வர முடியாமைக்குப் ‘போதிய காரணம்’ இருந்ததென்று நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்தினால், பிந்தி வந்த மேல்முறையீட்டையும் மனுவையும் ஏற்கலாம்.

1871-லிருந்து இந்த ஏற்பாட்டின் வாசகம் பெரிதாக மாறவில்லை. மாறியது, மன்னிப்புக் கேட்டு வரும் ஆள். வசதி இல்லாத, விவரம் தெரியாத தனிமனிதரை மனத்தில் வைத்து வளர்ந்த தாராளம், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அரசுத் துறைகளின் அன்றாட வசதியாயிற்று. அதைக் கண்டு சலித்த நீதிமன்றம் 2012-க்குப் பிறகு பிடியை இறுக்கியபோது, அந்த இறுக்கம் அரசைவிட அரசிடம் நிலத்தைப் பறிகொடுத்தவர்களை அதிகம் அழுத்தியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கம்பெனிக் காலத்து ஒழுங்குமுறைகளில் நிலைமை வேறாக இருந்தது. 1793-ஆம் ஆண்டு வங்காள ஒழுங்குமுறையும் அதன் அடியொற்றிய 1802-ஆம் ஆண்டு சென்னை ஒழுங்குமுறையும் வழக்குத் தொடுக்கப் பன்னிரண்டு ஆண்டுக் கெடு வைத்தன. ஆனால் வாதி சிறுவயதினராக இருந்ததாலோ வேறு தக்க காரணத்தாலோ நீதி தேட முடியாமல் போயிருந்தால் கெடு அவரைத் தடுக்காது என்றும் சேர்த்தே சொல்லின. அதாவது அன்றைக்கு மூல வழக்குக்கே மன்னிப்பு உண்டு. 1859-இல் இயற்றப்பட்டு 1862-இல் நடைமுறைக்கு வந்த முதல் பொதுக் காலவரையறைச் சட்டம் இந்தப் பொது விருப்புரிமையை நீக்கிவிட்டது. சிறுவர், மனநலம் குன்றியவர், மோசடிக்கு ஆளானவர் எனத் தனித்தனி விலக்குகளே மிஞ்சின. இன்றும் அதே நிலைதான். அசல் வழக்கு ஒரு நாள் பிந்தினாலும் பிரிவு 5 கைகொடுக்காது. மேல்முறையீடு பத்தாண்டு பிந்தினாலும் குறைந்தபட்சம் மனு போட்டுப் பார்க்கலாம். நியாயப்படி பார்த்தால் இது தலைகீழ். ஒரு முறைகூட நீதிமன்றப் படியேறாதவருக்கு இல்லாத தயவு, ஒரு முறை ஏறித் தோற்றவருக்குக் கிடைக்கிறது.

1871-ஆம் ஆண்டுச் சட்டம் மேல்முறையீட்டையும் மறுஆய்வையும் ஒரே ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்து ‘போதிய காரணம்’ என்ற ஒரே அளவுகோலை வைத்தது. 1877-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தொடர்ந்தது. எது போதிய காரணம் என்று இரண்டுமே விளக்கவில்லை. விளக்கும் வேலை நீதிபதிகள் தலையில் விழுந்தது. அதை முதலில் தெளிவாகச் செய்தது சென்னை உயர் நீதிமன்றம். 1890-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் இடம்பெற்ற கிருஷ்ணா எதிர் சாத்தப்பன் வழக்கில், மேல்முறையீட்டாளரிடம் அலட்சியமோ செயலற்ற போக்கோ நேர்மையின்மையோ இல்லாதபோது, நியாயம் நிலைபெறும் வகையில் அச்சொற்களுக்குத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது அந்நீதிமன்றம். இன்று நாட்டின் எந்த மூலையில் தாமத மன்னிப்பு மனு தாக்கலானாலும் அதன் அடியில் ஓடுவது இந்தச் சென்னை வாக்கியம்தான். அதை மேற்கோள் காட்டுகிறவர்களில் பலர் நிபந்தனையான முன்பாதியை விட்டுவிட்டுத் தாராளமான பின்பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1917-இல் பிரிஜ் இந்தர் சிங் எதிர் கான்ஷி ராம் வழக்கில் சென்னைக் கொள்கைக்கு ஒப்புதல் கொடுத்தது. மறுஆய்வு கேட்டு நேர்மையாக அலைந்ததில் கழிந்த காலம், மேல்முறையீட்டுத் தாமதத்துக்குப் போதிய காரணமாகலாம் என்பது அவ்வழக்கின் விளைவு. 1937-இல் வக்கீலின் தவறான ஆலோசனையும் சூழ்நிலையைப் பொறுத்துப் போதிய காரணமாகலாம் என்று அதே மன்றம் சொன்னது. இவற்றை மட்டும் படித்தால் லண்டனில் இருந்தவர்கள் மிக இளகிய மனத்தினர் என்று தோன்றும். அப்படியில்லை. இடையே 1932-இல் நாகேந்திரநாத் டே வழக்கில் சர் தின்ஷா முல்லா, காலவரையறை விஷயத்தில் நியாய உணர்வுக்கு இடமில்லை, சட்டச் சொற்களின் நேர்ப்பொருளே பாதுகாப்பான வழிகாட்டி என்று கறாராக எழுதினார். இளக்கமும் கறாரும் ஒரே மன்றத்திலிருந்து ஐந்தாண்டு இடைவெளியில் வந்தன. பிற்கால நீதிபதிகளுக்கு இது வசதி. எந்தப் பக்கம் தீர்ப்பதானாலும் கைவசம் ஒரு முன்னோடி இருக்கும்.

நடைமுறையிலும் ஒரு கோணல் இருந்தது. பிந்தி வந்த மேல்முறையீட்டை எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ்கூட அனுப்பாமல் கோப்பில் எடுத்துவிடுவார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடந்து இறுதி விசாரணைக்கு வரும்போது எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, இது காலம் கடந்த மேல்முறையீடு என்பார். அதுவரை செய்த செலவும் பட்ட பாடும் வீண். சென்னையிலிருந்து போன கிருஷ்ணசாமி பனிகொண்டார் எதிர் ராமசாமி செட்டியார் வழக்கில் பிரிவி கவுன்சில் இந்தப் பழக்கத்தைக் குறை கூறி, தாமதப் பிரச்சினையை ஏற்பு நிலையிலேயே இரு தரப்பையும் கேட்டு முடித்துவிட வேண்டும் என்று அறிவுறுத்தியது. அந்த அறிவுரை சட்டமாக ஏறக்குறைய அறுபது ஆண்டு பிடித்தது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41-ஆம் கட்டளையில் 3-ஏ விதியைச் சேர்த்தது. அதன்படி, பிந்தி வரும் மேல்முறையீட்டோடு பிரமாணப் பத்திரத்துடன் மன்னிப்பு மனுவும் வர வேண்டும். அதை முடிக்காமல் மேல்முறையீட்டைத் தொடக்கூடாது; அதுவரை தீர்ப்பாணைக்குத் தடையும் கிடைக்காது. மேல்முறையீட்டைக் கோப்பில் ஏற்றிவிட்டு, அதைக் காட்டித் தடையாணை வாங்கிக்கொண்டு ஆண்டுகளை ஓட்டும் உத்திக்கு அதோடு முடிவு வந்தது. காகிதத்தில் அப்படித்தான், இப்போது மன்னிப்பு மனுவே இரண்டு மூன்று ஆண்டு ஓடுகிறது.

அந்த மனுவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். தமிழகத்துக் கீழமை நீதிமன்றங்களில் புழங்குகிறவர்களுக்கு அதன் வாசகம் மனப்பாடம். மனுதாரருக்கு மஞ்சள் காமாலை கண்டது. நாட்டு மருந்து சாப்பிட்டுப் படுத்த படுக்கையாகக் கிடந்தார். ஆகவே வக்கீலைப் பார்த்து விவரம் சொல்ல முடியவில்லை. தாமதம் வேண்டுமென்றே செய்ததல்ல. மன்னித்தால் எதிர்மனுதாரருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, மன்னிக்காவிட்டால் மனுதாரருக்கு ஈடுசெய்ய முடியாத நஷ்டம். காமாலையைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. நாட்டு வைத்தியர் சான்றிதழ் தருவதில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கே என்று கேட்க முடியாது. எதிருரையும் அதே அச்சில் வார்த்ததுதான்: ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விளக்கமில்லை, மருத்துவ ஆவணமில்லை, வழக்கை இழுத்தடிக்கும் நோக்கம். நீதிபதி இரண்டையும் படித்துவிட்டு, எதிர்மனுதாரருக்கு இன்ன தேதிக்குள் இவ்வளவு செலவுத்தொகை கொடுத்தால் மனு அனுமதிக்கப்படும், தவறினால் தள்ளுபடி என்று எழுதுவார். சட்டப் பிரிவில் செலவுத்தொகை பற்றிப் பேச்சில்லை. நடைமுறை தானாகக் கண்டுபிடித்த சமரசம் அது. பெரும்பாலான வழக்குகளில் அதுவே போதுமான நியாயமாகவும் இருக்கிறது.

ஒவ்வொரு நாளுக்கும் விளக்கம் வேண்டுமென்றால் எந்த நாளிலிருந்து? இதற்கு விடை சொன்னது 1961-இல் உச்ச நீதிமன்றத்தின் ராம்லால் எதிர் ரேவா கோல்ஃபீல்ட்ஸ் தீர்ப்பு. தாமதம் ஒரே நாள். கடைசி நாளன்று மேல்முறையீட்டாளர் நோயுற்றுவிட்டார். நோய் சரி, முந்தைய நாள்களில் ஏன் தாக்கல் செய்யவில்லை என்று கேட்டு நீதி ஆணையர் மனுவைத் தள்ளியிருந்தார். நீதிபதி கஜேந்திரகட்கர் அதை ஏற்கவில்லை. சட்டம் கொடுத்த காலம் முழுவதையும் பயன்படுத்திக்கொள்ளக் கட்சிக்காரருக்கு உரிமை உண்டு; விளக்க வேண்டியது கடைசி நாளுக்கும் தாக்கல் நாளுக்கும் இடைப்பட்ட தாமதத்தை. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது: போதிய காரணத்தை நிறுவிவிட்டதாலேயே மன்னிப்பு உரிமையாகிவிடாது, அதற்கு மேலும் நீதிமன்றத்தின் விருப்புரிமை உண்டு, காலம் கடந்துவிட்டதால் வென்றவருக்குக் கிடைத்த உரிமையை லேசாகக் கலைக்கக்கூடாது. வென்றவரைப் பற்றி இவ்வளவு அக்கறையாகப் பேசிய தீர்ப்புகள் அடுத்த கால் நூற்றாண்டில் அரிது.

1963-ஆம் ஆண்டுச் சட்டம், சட்ட ஆணையத்தின் 1956-ஆம் ஆண்டு மூன்றாவது அறிக்கையைத் தொடர்ந்து வந்தது. பழைய 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு 5 மேல்முறையீடு, மறுஆய்வு, மேல்முறையீட்டு அனுமதி போன்ற சிலவற்றுக்கே தானாகப் பொருந்தியது. மற்ற மனுக்களுக்குத் தனியே விதி வேண்டியிருந்தது. புதிய சட்டம் தீர்ப்பாணை நிறைவேற்றல் மனுக்கள் நீங்கலாக எல்லா மனுக்களுக்கும் அதை விரித்தது. ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை நீக்கக் கேட்கும் மனு, இறந்துபோன கட்சிக்காரரின் வாரிசுகளைச் சேர்க்காமல் அற்றுப்போன வழக்கை மீட்கும் மனு எல்லாம் ஒரே குடையின்கீழ் வந்தன. இன்றைய மன்னிப்பு மனு வெள்ளத்துக்கு ஊற்று அங்கேதான்.

திருப்புமுனை 1987. அனந்தநாக் நிலமெடுப்பு ஆட்சியர் எதிர் காதிஜி வழக்கு காஷ்மீரிலிருந்து வந்தது. நிலத்துக்கான இழப்பீட்டைக் கீழ்நீதிமன்றம் ஏறக்குறைய 14 லட்சம் ரூபாய் உயர்த்தியது. அதை எதிர்த்த அரசின் மேல்முறையீடு நான்கு நாள் பிந்தியதால் உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி எம்.பி.தக்கர் எழுதிய தீர்ப்பு சில பக்கங்களே. பிந்தி வருவதால் யாருக்கும் லாபமில்லை. மன்னித்தால் அதிகபட்சம் நடக்கப்போவது வழக்கின் தகுதி விசாரிக்கப்படுவதுதான். ஒவ்வொரு நாளுக்கும் விளக்கம் வேண்டும் என்றால் ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு நொடிக்கும் ஏன் கூடாது என்று கேலியாகவே கேட்டார் அவர். அரசும் மற்றவர்களைப் போல ஒரு கட்சிக்காரர்தான், மாற்றாந்தாய் மனப்பான்மை கூடாது என்றவர், கூடவே, குறிப்பெழுதிக் கோப்பு நகர்த்திப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் அரசு இயந்திரத்தின் தாமதத்தைப் புரிந்துகொள்வது எளிது, ஒப்புக்கொள்வதுதான் கடினம் என்றார்.

நான்கு நாளுக்கு இது நல்ல தீர்ப்பு. சிக்கல் என்னவென்றால், நான்கு நாளை மன்னிக்க எழுதிய சொற்கள் நானூறு நாளை மன்னிக்கவும் மேற்கோளாயின. தாமதத்தால் யாருக்கும் லாபமில்லை என்ற அனுமானம் தனிமனிதர் விஷயத்தில் பெரும்பாலும் சரி. இழப்பீடு கொடுக்க வேண்டிய அரசுக்கு அது பொருந்தாது. கொடுக்காமல் கடத்தும் ஒவ்வொரு மாதமும் அந்த நிதியாண்டுக் கணக்குக்கு லாபம். பின்னால் வரும் வட்டியைப் பற்றி அன்றைய அதிகாரிக்கு என்ன கவலை? 1894-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டப்படி உயர்த்திய தொகைக்கு முதல் ஆண்டு 9 சதவீதம், பிறகு 15 சதவீதம் வட்டி ஏறியது. அது பொதுப் பணம். கோப்பைத் தூங்கவிட்டவர் அதற்குள் மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ போயிருப்பார்.

அடுத்த ஆண்டே ராமேகௌடா வழக்கில் நீதிபதி வெங்கடாசலையா, அரசின் முடிவுகள் நத்தை வேகத்தில் நகர்வதைக் கணக்கில் எடுத்து ஓரளவு நெகிழ்வு காட்டலாம் என்றார். அதன் பிறகு இரு பதிற்றாண்டுகள் அரசுத் தரப்பு மனுக்கள் இந்த இரண்டு தீர்ப்புகளின் தோளில் ஏறியே வந்தன.

தனிமனிதருக்கான தாராளத்தின் உச்சம் சென்னை வழக்கு ஒன்றில் வந்தது: 1998-ஆம் ஆண்டு பாலகிருஷ்ணன் எதிர் கிருஷ்ணமூர்த்தி. 1991 அக்டோபரில் சொத்து வழக்கு ஒன்றில் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. அதை நீக்கக் கேட்ட மனுவும் 1993 பிப்ரவரியில் ஆஜராகாததால் தள்ளுபடி. அதை மீட்கக் கேட்ட மனு 1995 ஆகஸ்டில்தான் வந்தது. தாமதம் 883 நாள். பிரதிவாதி சொன்ன காரணம், வக்கீல் விவரமே தெரிவிக்காமல் விட்டுவிட்டார் என்பது. இதைப் பலரும் சொல்வார்கள். இவர் சொன்னதோடு நிற்காமல் வக்கீல்மீது வட சென்னை நுகர்வோர் மன்றத்துக்குப் போய் 50,000 ரூபாய் இழப்பீட்டுக்கு உத்தரவும் வாங்கியிருந்தார். விசாரணை நீதிமன்றம் மன்னித்தது. உயர் நீதிமன்றம் சீராய்வில் அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கே.டி.தாமஸ் மீண்டும் மன்னித்து, எதிர்த்தரப்புக்கு 10,000 ரூபாய் செலவுத்தொகை கொடுக்கச் சொன்னார். தாமதத்தின் நீளம் பொருட்டல்ல, விளக்கம் நம்பத்தக்கதா என்பதே கேள்வி என்ற கொள்கை இதிலிருந்து பரவியது. காதிஜியைவிட இது எனக்குக் கனமான தீர்ப்பாகப் படுகிறது. இங்கே விளக்கத்துக்குப் பின்னால் நுகர்வோர் மன்றத்தின் உத்தரவு நிற்கிறது.

2012 பிப்ரவரியில் காற்று திசைமாறியது. தலைமை அஞ்சல் அதிகாரி எதிர் லிவிங் மீடியா வழக்கில் நீதிபதி பி.சதாசிவம் எழுதிய தீர்ப்பு அஞ்சல் துறையின் தேதிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது. டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2009 செப்டம்பர் 11. துறை சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டதே 2010 ஜனவரி 8-இல். நகல் அன்றைக்கே கிடைத்துவிட்டது. ஆக, ஒரே நாளில் கிடைக்கிற நகலைக் கேட்க நான்கு மாதம். மொத்தத் தாமதம் 427 நாள். கணினியும் மின்னஞ்சலும் வந்த பிறகும் பழைய அலுவலக வழக்கத்தைக் காரணம் காட்டக்கூடாது, காலவரையறை அரசையும் கட்டும் என்று கூறி மனு தள்ளுபடியானது.

2020 அக்டோபரில் மத்தியப் பிரதேச அரசு எதிர் பேருலால் வழக்கில் நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் இன்னும் ஒரு படி போனார். 663 நாள் பிந்தி வந்த மனு அது. தோற்கும் என்று தெரிந்தே, உச்ச நீதிமன்றமே தள்ளிவிட்டது என்ற சான்றை வாங்கிக் கோப்பை மூடி அதிகாரிகளைக் காப்பாற்றத்தான் இப்படிப்பட்ட மனுக்கள் வருகின்றன என்று வெளிப்படையாகவே எழுதினார். 25,000 ரூபாய் செலவுத்தொகை விதித்து, அதைத் தாமதத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளிடம் வசூலித்துச் சான்று தாக்கல் செய்யவும் உத்தரவிட்டார். 2024 ஏப்ரலில் ஜஹாங்கீர் பைராம்ஜி ஜீஜீபாய் வழக்கில் ஒன்றிய அரசு பன்னிரண்டு ஆண்டு 158 நாள் பிந்தி வந்தது. மும்பை உயர் நீதிமன்றத்தில் தொடர்ந்து நடத்தாமல் தள்ளுபடியான ரிட் மனுவை மீட்கக் கேட்டிருந்தது. கிடைக்கவில்லை. 2025 செப்டம்பரில் கர்நாடக வீட்டுவசதி வாரியத்தின் 3,966 நாள் தாமதத்தை உயர் நீதிமன்றம் மன்னித்திருந்ததை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

இதுவரை கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதே காலத்தில் கண்டிப்பின் இலக்கணத்தை எழுதிய வேறு இரண்டு தீர்ப்புகளில் மன்னிப்புக் கேட்டவர்கள் யார்? 2013-ஆம் ஆண்டு பசவராஜ் வழக்கில் ஐந்தரை ஆண்டு பிந்தி இழப்பீட்டு உயர்வு கேட்ட நில உரிமையாளர்கள். 2024-ஆம் ஆண்டு பதபதி சுப்பா ரெட்டி வழக்கில் 5,659 நாள் பிந்தி வந்த நில உரிமையாளரின் வாரிசுகள். இருவருக்கும் மறுப்பு. பக்கத்து நிலத்துக்காரருக்கு உயர்வு கிடைத்தது என்பதும் வழக்கில் தகுதி இருக்கிறது என்பதும் தாமதத்தை மன்னிக்கக் காரணமாகாது என்றது நீதிமன்றம். இடையே 2023-இல் ஷியோராஜ் சிங் வழக்கில், இழப்பீட்டை எதிர்த்து 479 நாள் பிந்திய ஒன்றிய அரசுக்கு டெல்லி உயர் நீதிமன்றம் தந்த மன்னிப்பில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்தது. நாள் கணக்கு வேறு, சூழ்நிலை வேறு என்பது உண்மை. ஆனாலும் கட்டாயமாக நிலத்தை எடுத்தவருக்கும் கொடுத்தவருக்கும் ஒரே தராசு என்பதில் ஏதோ இடறுகிறது. சட்டப் பிரிவும் அரசு வக்கீலும் சம்பள அதிகாரிகளும் வைத்திருப்பவரின் அலட்சியத்தையும், மேல்முறையீட்டுக்கு நீதிமன்றக் கட்டணம் புரட்ட முடியாத விவசாயியின் அலட்சியத்தையும் ஒரே பெயரால் அழைக்கலாகாது.

சிறப்புச் சட்டங்களில் இந்த வாதத்துக்கே இடமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. நடுவர் தீர்ப்பை எதிர்க்க மூன்று மாதம், மன்னிப்பு மேற்கொண்டு 30 நாள் வரை. அதற்கப்பால் ஒரு நாளும் இல்லை என்று 2001-இலேயே முடிவாயிற்று. திவால் சட்டத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாளோடு 15 நாள். இங்கெல்லாம் காமாலை உண்மையாகவே வந்தாலும் பயனில்லை. இதற்கு நேரெதிர், பெருந்தொற்றுக் காலம்: உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான நாள்களை நாடு முழுவதற்கும் கணக்கிலிருந்தே நீக்கியது. யாரும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுஆய்வு மனுக்களில் தாமதம் இன்னும் விசித்திரமான இடத்தில் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தில் அதற்கும் 30 நாள்தான். மனு நீதிபதிகளின் அறையில் சுற்றுக்கு விடப்பட்டு, வக்கீல் வாதமில்லாமல் முடிகிறது. தாமதம் மன்னிக்கப்பட்டு அடுத்த வரியிலேயே மனு தள்ளுபடியாவதும், தாமதம், தகுதி இரண்டாலும் தள்ளுபடி என்று ஒரே வாக்கியத்தில் முடிவதும் சகஜம். அங்கே மன்னிப்பு ஒரு சம்பிரதாயம்.

நில உரிமையாளர் விஷயத்தில் நீதிமன்றமே கண்ட ஒரு நடுவழி உண்டு. 2014-ஆம் ஆண்டு தீரஜ் சிங் எதிர் ஹரியானா அரசு வழக்கிலும், 3,671 நாள் தாமதமான 2017-ஆம் ஆண்டு சுப்பராயுடு வழக்கிலும் தாமதத்தை மன்னித்து, தாமதக் காலத்துக்கு மட்டும் வட்டி கிடையாது என்று உத்தரவிட்டார்கள். பிந்தியவர் தன் பிந்தலுக்குரிய விலையைத் தானே கொடுக்கிறார், எதிர்த்தரப்புக்கு நஷ்டமில்லை, நிலத்தின் நியாயமான விலையும் பறிபோகவில்லை. பதபதி தீர்ப்பு இந்த வழியை விட்டு விலகியது. அரசு பிந்தும்போது அதற்கு ஈடான ஏற்பாடு, பேருலால் வழக்கில் சொன்னதுபோல் பொறுப்பான அதிகாரியிடம் வசூலிப்பது. அந்த உத்தரவு வந்த பிறகும் அரசின் மன்னிப்பு மனுக்களில் எந்த மேசையில் கோப்பு எத்தனை நாள் கிடந்தது என்ற பட்டியல் வருகிறது. அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவரின் பெயர் அதில் அநேகமாக வருவதில்லை.